காய்த்த கால்களும் ஒரு நைலான் இழையும்

சோற்றுத் தூக்கைக் கீழே வைக்கும்போதுதான் அந்த வாடை வந்தது.

தேய்க்கிற கொட்டகையில் எத்தனையோ வாடை உண்டு. கஞ்சி போட்ட துணிமேல் சூடான பெட்டி போகும்போது சோறு வெந்தது மாதிரி ஒரு வாடை வரும். சிரட்டைக் கரி புகைகிற வாடை. ஆண்களின் வியர்வை. இது அதில் எதுவும் இல்லை. கோழி இறகைத் தீயில் வாட்டினால் வருமே, அந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் மேசை முன்னால் நின்று ஹோட்டல் படுக்கை விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து தெறித்த கனல் ஒன்று அவருடைய வலது காலின் சுண்டுவிரலுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். மெல்லிசாகப் புகை வந்தது.

"கால எடுங்க! அய்யோ, கால எடுங்க!"

நான் ஆண்கள் நடுவில் குரல் உயர்த்துகிறவள் இல்லை. கொட்டகைக்குள் போனால் சோற்றை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பி வருகிறவள். அன்றைக்குக் கத்திவிட்டேன்.

"எதுக்குடி இப்பிடிக் கத்தற?" என்று அவர் என்னைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை.

பக்கத்து மேசை மாரிமுத்து அண்ணன்தான் கொட்டகையில் மூத்தவர். அவர் சிரித்தார். "பயப்படாத தங்கச்சி. மாப்ள காலு இரும்பு. தீதான் பயப்படணும்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே மற்ற காலால் கனலைத் தட்டிவிட்டு, விரிப்பை மடித்துப் போட்டு அடுத்த பாதியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

காய்த்த காலின் பெருமை

இதைப் படிக்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். எங்கள் ஆட்களுடைய ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் புரியும். எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குத் துணி வெளுக்க வந்தவர்கள் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் இன்றைக்கும் அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. காலையில் தொட்டித் தண்ணீரில் நின்று துவைக்க வேண்டும். வெயில் ஏறினால் சுடுமணலில் நின்று கொடியில் போட வேண்டும். அப்புறம் சாயங்காலம்வரை மேசையடியில் நின்று தேய்க்க வேண்டும். மேசை முன்னால் செருப்புப் போடுகிற பழக்கம் இல்லை. பிறத்தியார் உடுத்துகிற துணிக்குக் கீழே செருப்பு ஆகாது என்பார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவன் கனல் பட்டால் குதிப்பான். "என்னடா, டான்சா?" என்று கேலி செய்வார்கள். வருஷம் போகப்போகக் குதிப்பது குறையும். ஒரு நாள் கனல் காலில் விழுந்தும் அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பான். அன்றைக்கு, "காலு காய்ச்சிருச்சுடா!" என்று எல்லாரும் பெட்டியை வைத்துவிட்டுக் கைதட்டுவார்கள். கால் காய்த்தவன் எல்லாருக்கும் சாயா வாங்கித் தரவேண்டும். அதற்கு மேல் அவன் முன் மேசைக்காரன். பெரிய ஹோட்டல் துணி அவன் மேசைக்குத்தான் வரும்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கால் காய்த்த அன்று சாயாவோடு தின்ன நானே பருப்புவடை சுட்டுக் கொடுத்தனுப்பினேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது. நினைவு வந்தால் மாத்திரை போடுவார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கொக்கு மாதிரி நிற்கவா?

புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டினார். வலித்தால் அல்லவா பயம் வரும்? வலியே இல்லை. கட்டோடு தொட்டியில் இறங்கித் துவைத்தார். சுண்டுவிரல் கறுத்தது. அடுத்த விரலும் கறுத்தது. அப்புறம் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம்.

அங்கே அறுவை டாக்டர் இரண்டு விரலையும் எடுத்தார். எடுத்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரை இறங்கி, புண் மேலே ஏறாமல் நின்றால் சரி. கணுக்காலைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும். இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் தினமும் புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டவேண்டும், அந்தக் காலை ஊன்றவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நின்னு செய்யற தொழிலு. ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிக்கவா? கால எடுக்கறதுன்னா ஆளையே எடுத்துரச் சொல்லு."

தினமும் ஆட்டோ வைத்து ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக எங்களால் ஆகாது. பள்ளுருத்தியில் கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தைக்காரி. எனக்கோ, புண்ணைப் பார்த்தாலே தலை சுற்றியது.

ஊதுபத்தியை அணையுங்கள்

எங்கள் வார்டில் ரம்லா என்று ஒரு பெண். சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று பார்க்கிறவள். இந்த வேலை பார்க்கிறவர்களை ஆஷா என்பார்கள். கொச்சங்காடிக்காரி. கறுப்புக் குடையோடு நடையில் பறப்பாள். எங்கள் தெருவில் அவளுக்குத் தெரியாத இருமல் கிடையாது.

அவள் வாசலில் நின்றே மூக்கைச் சுளித்தாள். "சேச்சி, எந்தா ஒரு மணம்? சேட்டன் எவிடெ?"

நான் கதவை மறைத்து நின்றேன். "தூங்கறாரு."

"தூங்கட்டும். காலு தூங்கணும்னு இல்லல்லோ. அத மட்டும் காட்டு." அவள் பேசுவது பாதி மலையாளம், பாதி எங்கள் தமிழ். என்னைத் தள்ளாமலேயே எப்படியோ உள்ளே வந்துவிட்டாள்.

அடுத்த நாளே சுகாதார நிலையத்து வண்டி வந்தது. அதிலிருந்து ஷைனி சிஸ்டர் இறங்கினார். எழுந்து நடமாட முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ். அதற்கென்றே ஒரு வண்டியும் பையும் ஆளும் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வெளி ஆள் வருகிறார்களே, வீடு நாறுகிறதே என்று நான் ஒரு கொத்து ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தேன். சிஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாய்கூடக் கேட்கவில்லை.

"அம்மே, அது கெடுத்தணும்."

ஊதுபத்தியை அணைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "நாத்தம் சிஸ்டர்..."

"நாத்தம் எனக்கு வேணும். புண்ணு எப்படி இருக்குன்னு கண்ணவிட மூக்குதான் முதல்ல சொல்லும்." கட்டைப் பிரித்து, முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பெற்ற பிள்ளைகூடத் தள்ளி நின்ற கால் அது. இவர் அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்தவர், முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

வாரத்தில் இரண்டு நாள் சிஸ்டர் வருவார். மற்ற நாளில் நான்தான் கட்டவேண்டும் என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். கட்டுகிற துணி எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். பழைய பருத்தித் துணி, நன்றாக வெளுத்தது, கஞ்சி இல்லாதது, துண்டு துண்டாக வெட்டி மூடிய பாத்திரத்தில் வைத்து, அதைக் குக்கரில் இறக்கி ஆவி காட்டியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தலைமுறையாக வெளுக்கிறவளிடம் வெள்ளைத் துணி கேட்கிறார்!

"அது போதுமா சிஸ்டர்? அத நான் செய்வேன்."

"அது செய்தா பாதி நர்ஸாயி," என்றார் அவர். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கழுவுவது, செத்த சதை எது உயிருள்ள சதை எது என்று பார்ப்பது, வயிற்றில் இன்சுலின் ஊசி போடுவது, எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். தலை சுற்றல் எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

சோறு உண்டபின் வந்தவர்கள்

சிஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்து யானைக்கால்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். யானைக்கால் வந்தவர்களைச் சொல்லவில்லை. அந்த நோய்க்காக ரத்தம் எடுக்க வந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அப்போது கொச்சியில் தெருவுக்குச் சிலருக்காவது கால் வீங்கியிருக்கும். மந்து என்பார்கள் இங்கே. கொசுவால் வருவது. அதைக் கண்டுபிடிக்க விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பகலில் எடுத்தால் அந்தப் புழு ரத்தத்தில் அகப்படாதாம். பொழுது இறங்கினால்தான் மேலே வருமாம். அதனால் நாங்கள் சோறு உண்டு கை கழுவும் நேரத்துக்கு விளக்கோடு வருவார்கள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். அவர்களில் ஒருவர் கடலை மிட்டாய் வைத்திருப்பார்.

புழு வருகிற நேரத்துக்கு மனுஷன் வருகிறான். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆசுபத்திரி என்றால் மூடி போட்ட சீசாவில் சிவப்பு மருந்து, தடித்த கம்பவுண்டர், நீளமான வரிசை, போய் நிற்க வேண்டியது நாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இவருக்கு ஆசுபத்திரியில் ரத்தம் சோதிக்க வேண்டியிருந்தது. சிஸ்டர் தன் வண்டியிலேயே கூட்டிப்போனார். திரும்பி வரும்போது சாயங்காலமாகிவிட்டது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வண்டி நின்றது. அங்கே ஒரு டாக்டரும் இன்னொரு நர்ஸும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே படகுக்காரர்கள். கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழும், வங்காளமும், எனக்குப் பெயர் தெரியாத பேச்சுகளும் கேட்டன.

"ஏன் சிஸ்டர் இந்த நேரத்துல?" என்று கேட்டேன்.

"பகல்ல இவங்க கடல்ல. கடலுக்குப் போய் நான் ஓ.பி. சீட்டு குடுக்க முடியுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலைக்காரர்கள் தங்குகிற அறைகளுக்கு அவர்கள் ஆட்களில் ஒரு கூட்டம் போகுமாம். தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் வேறு.

வண்டியில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பட்டுக்கு ஒரு தண்ணீர், பருத்திக்கு ஒரு தண்ணீர், ஹோட்டல் விரிப்புக்குக் கொதிக்கிற தண்ணீர். எல்லாத் துணியையும் ஒரே தொட்டியில் போட்டு அலசுகிறவனை நாங்கள் தொழில்காரன் என்று சொல்லமாட்டோம். இவர்களும் எங்களை மாதிரிதான், ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று தோன்றியது.

கண்ணை மூடுங்க

புண் ஏறவும் இல்லை, ஆறவும் இல்லை என்று கிடந்த நாட்கள் அவை. ஒரு நாள் சிஸ்டர் பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்தார். அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதை முதலில் இவருடைய கையில் தொட்டுக் காட்டினார்.

"தெரியுதோ சேட்டா?"

"நல்லாத் தெரியுது."

"இனி கண்ண அடைக்கணும். கால்ல தொடும்போ தொடும்போ 'ம்' சொல்லணும்."

நல்ல காலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். இவர் கண்ணை மூடினார். சிஸ்டர் பெருவிரலில் இழையை வைத்து அழுத்தினார். இழை வில்லாக வளைந்தது. இவர் சும்மா இருந்தார். பாதத்தின் நடுவில் வைத்தார். குதிகாலில் வைத்தார். ஓரத்தில் வைத்தார்.

"தொடுங்க சிஸ்டர்," என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். "எவ்வளவு நேரம் காத்துக் கெடக்கறது?"

சிஸ்டர் மறுபடி இழையைக் குதிகாலில் வைத்து வளைத்துப் பிடித்தபடி, "திறந்து பாருங்க," என்றார்.

இவர் பார்த்தார். இழையைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், மறுபடி இழையைப் பார்த்தார்.

"அப்போ இது காய்ச்சது இல்லையா?"

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். காய்த்த தோலுக்கும் தொட்டால் தெரியும், சுட்டால் நன்றாகத் தெரியும். தெரியாமல் போனால் அது பெருமை இல்லை, நோய். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வராது. இனிமேல் கண்ணால்தான் காலைக் காப்பாற்ற வேண்டும்.

இவர் தன் குதிகாலை நகத்தால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மாரிமுத்து அண்ணனுக்கும் காய்ச்ச காலுதானே?" என்றார்.

கரி மூடிய நேரம்

கொட்டகை ஆட்களைச் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னால் போவார்களா? துணி எண்ணிக் கூலி வாங்குகிற தொழில், அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. சிஸ்டரிடம் நான்தான் கேட்கவேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். எனக்கு அதிகாரிகளிடம் வாய் வராது. சிஸ்டர் வண்டியில் ஏறும்வரை பின்னாலேயே போனேன்.

"சிஸ்டர்... எங்க கொட்டகைக்கு ஒருக்கா..."

"எப்போ வந்தா அவங்களுக்கு சௌகரியம்?" என்றுதான் கேட்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

மத்தியானம் சோற்றுக்கு முன்னால் பெட்டிக் கரியைச் சாம்பல் போட்டு மூடுவார்கள். அந்த நேரத்துக்கு வந்தார். ரம்லாவும் கூட வந்தாள். இவரை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். தேய்க்கிற மேசைமேல் ஆட்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு," என்றான் செல்வம். அவன்தான் கொட்டகையில் இளையவன்.

"உன் மூஞ்சிய யாருடா பாக்கறா? காலத்தான் பாக்கறாங்க," என்றார் மாரிமுத்து அண்ணன்.

செல்வத்தின் காலில் இழை பட்டதும், "கூசுது! கூசுது சிஸ்டர்!" என்று துள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள். மாரிமுத்து அண்ணன், "தள்ளுடா, முன் மேசைக்காரன் கால் எப்பிடி இருக்கும்னு பாரு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் ஒவ்வொரு இடமாக இழையை வைத்தார். செல்வம் வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணன் மட்டும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க சிஸ்டரே."

யாரும் சிரிக்கவில்லை. "அண்ணே, கண்ணத் தொற," என்றார் எங்கள் வீட்டுக்காரர். கட்டுப் போட்ட தன் காலைத் தூக்கி அண்ணனின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதான் இரும்புக் காலு. நல்லாப் பாத்துக்க."

அண்ணன் வளைந்து நின்ற இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்போ நான் அன்னைக்கு வாங்கிக் குடுத்த சாயா எல்லாம் தண்டமா?" என்றார்.

ரம்லாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் அவள் அண்ணனின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சிஸ்டரிடம் காட்டினாள். சிஸ்டர் அண்ணனை அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மேசையடியில் செருப்பு வந்தது அந்த வாரத்திலிருந்துதான். துணிக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

கால் அங்கேயே நிற்கட்டும்

ஓரங்களில் இளஞ்சிவப்பாகச் சதை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததை முதலில் கண்டது நான். சிஸ்டர் வரும்வரை வெளியில் சொல்லவில்லை, கண்பட்டுவிடுமோ என்று பயம். அவர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினார்.

மழை தொடங்கியபோது பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். அதே அறுவை டாக்டர். கணுக்காலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். புண் மூடிய இடத்தை விரலால் தடவினார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைக் கழுத்தில் கஞ்சி சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரா டிரஸ் செய்யுன்னது?"

புண்ணுக்குக் கட்டுப் போடுவது யார் என்று கேட்டதும் இவர் என் பக்கம் கை காட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சிரித்தார். "காலு அவிடெத்தன்னெ நிக்கட்டே," என்றார்.

கால் அங்கேயே இருக்கட்டும் என்றால் போதும். வேறென்ன வேண்டும்? ஆட்டோவில் வரும்போது இவர் தன் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார், யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி.

இப்போது உயரமான முக்காலியில் உட்கார்ந்து தேய்க்கிறார். பட்டை வைத்த மெத்துச் செருப்புக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் நான் உள்ளங்கால் இரண்டையும் பார்ப்பேன். கீறல், கொப்புளம், சிவப்பு. இதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

போன மாதம் சிஸ்டர் இவர் காலைப் பார்த்துவிட்டு எழுந்தவர், "சேட்டன்டெ கால அம்ம பாக்குது. அம்மயுடெ கால ஆரு பாக்கறா?" என்று கேட்டார். எனக்கும் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது. நானும் அதே தொட்டியில் நின்றவள்தான். நான் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். சிஸ்டர் சிரித்துவிட்டு அந்த இழைக் குச்சி ஒன்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இவர் பாயில் உட்கார்ந்து, "கால நீட்டு," என்றார்.

"சும்மா இருங்க. யாராச்சும் பாத்தா?"

"சிஸ்டர் சொன்னாங்கல்ல. நீட்டு. கண்ண மூடு."

மூடினேன். அவர் கை என் பாதத்தைப் பிடித்தது. கல்யாணத்தில் மெட்டி போடப் பிடித்ததோடு சரி, அதற்கப்புறம் அந்தக் கை அங்கே வந்ததில்லை. பெருவிரலில் இழை பட்டது, ஓர் எறும்பு நின்று யோசிக்கிற மாதிரி. பட்டதுமே தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை.

"என்னடி? தெரியலையா?" அவர் குரல் மாறிவிட்டது. மறுபடி அழுத்தினார். "ஏய், இங்க. இங்க பாரு. தெரியலையா?"

"தெரியுது," என்றேன். "மொதல்லயே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் சொல்லல?"

மற்ற காலையும் நீட்டினேன்.